விக்கெட் எடுக்காத ஆசான்

நம் பள்ளி மண்டபத்தின் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் விளையாட்டுக் குழுக்களின் நிழற்படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் வெள்ளிக் கோப்பை இருக்கும். அதன் இருபுறமும் இரட்டைப் பின்னலும் வெள்ளைக் காலணியுமாக நம் அக்காமார்கள் நிமிர்ந்து நிற்பார்கள். படத்தின் ஓரத்தில், தூணின் நிழல் பாதி முகத்தை மறைக்க, ஒருவர் நிற்பார். குழுத் தலைவியின் பெயர் படத்தின் கீழே அழகிய எழுத்தில் இருக்கும். ஓரத்தில் நிற்பவரின் பெயர் சில படங்களில் இருக்கும். பல படங்களில் இருக்காது. அவர்தாம் பயிற்சியாளர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த எறிபந்துப் போட்டியில் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். நான் மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்வரிசையில் பார்வையாளர் ஒருவர், "அந்த டீச்சர் என்ன மெடலா வாங்கியிருக்காங்க? அவங்களே ஜெயிக்கலை, பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பாங்க?" என்று உரக்கச் சொன்னார். அந்தச் சொல் எங்கள் உடற்கல்வி ஆசிரியையின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தோளைத் தளர விடு. பந்தைப் பார்" என்று மட்டும் எங்கள் தலைவியிடம் சொன்னார். அன்று நாங்கள் தோற்றோம். தோல்வி இரண்டு நாளில் மறந்துவிட்டது. பின்வரிசைச் சொல் மட்டும் இன்று வரை மறக்கவில்லை.

வென்றவர்தாம் வெல்லக் கற்றுக்கொடுக்க முடியுமா? தாம் பெரிதாகச் சாதிக்காத ஒருவர் நல்ல ஆசானாக முடியாதா? இக்கேள்விக்கு நான் தேடிய விடையை உங்கள் முன் வைக்கிறேன். விளையாட்டுகள் பல, எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. ஆகவே பந்தை எறிபவர்களையும் வீசுபவர்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டில் உடலை மிகவும் வருத்துவது வேகமாக எறிவதும் வீசுவதும் ஆகும். கற்றுக்கொடுப்பவர் இல்லாவிட்டால் மிகவும் கெட்டுப்போவதும் அதுவே.

பந்தைப் பிடித்துக் கொடுத்தவர்

அமெரிக்கர்கள் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். நம் கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் எப்படியோ, அந்த ஆட்டத்தில் 'பிட்ச்சர்' அப்படி. நம் ஆடுகளத்தின் இருபுறக் குச்சிகளுக்கும் இடையே 20 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். பிட்ச்சருக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்திற்கும் இடையே 18 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். நம்மவர் ஓடி வந்து, முழங்கையை மடக்கி நீட்டாமல் வீச வேண்டும். அவர்கள் நின்ற இடத்திலிருந்தே முழங்கையை மடக்கி எறியலாம். ஆனால் தோளும் இடுப்பும் முதுகும் படும் பாடு இருவருக்கும் ஒன்றே.

டாம் ஹவுஸ் என்பவர் அப்படி ஒரு பிட்ச்சர். 1971 முதல் 1978 வரை அமெரிக்காவின் முதல்தரக் குழுக்களில் ஆடினார். புகழின் உச்சியைத் தொட்டவர் அல்லர். ஆனால் அவர் வாழ்வில் ஒரு மாலைப் பொழுது உண்டு. 1974 ஏப்ரல் 8ஆம் நாள், அட்லாண்டா நகரில் ஹாங்க் ஆரன் என்ற கறுப்பின வீரர் தம் 715ஆவது 'ஹோம் ரன்' அடித்து, பேப் ரூத் வைத்திருந்த 714 என்ற சாதனையை முறியடித்தார். அந்தப் பந்து வேலியைத் தாண்டி, முறை வருவதற்காகக் காத்திருக்கும் பிட்ச்சர்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது. அதைக் கையில் பிடித்தவர் டாம் ஹவுஸ். பிடித்தவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஓடிச் சென்று ஆரனின் கையில் கொடுத்தார். இன்றும் அவருடைய ஆட்ட நாட்களைப் பற்றிப் பேசுவோர் அவர் எறிந்த பந்துகளைவிட, பிறர் அடித்து அவர் பிடித்துக் கொடுத்த அந்தப் பந்தையே அதிகம் நினைவுகூர்கிறார்கள்.

பின்னாளில் அவர் பயிற்சியாளரானார். நோலன் ரயான் போன்ற பெரும் பிட்ச்சர்கள் அவரிடம் பயின்றார்கள். தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கும் எறியக் கற்றுக்கொடுத்தார். 2008இல் நம் நாட்டு இளைஞர்கள் இருவர் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற அவ்விருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஈட்டி எறியப் பழகியவர்கள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்ததற்காக அமெரிக்காவிற்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதற்கு முன் பேஸ்பாலைக் கையால் தொட்டவர்கள் அல்லர். ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற குழு இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் குழுவில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்களே. இக்கதையைச் சொல்லும் ஆங்கிலத் திரைப்படம் 2014இல் வந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் சென்னையின் ஏ.ஆர். ரகுமான்.

அவ்விருவரும் அமெரிக்காவின் முதல்தர ஆட்டத்தை எட்டவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அதனால் பயிற்சி வீண் என்று ஆகிவிடுமா? பந்தைப் பிடிக்கவே தெரியாமல் வந்த இருவர், ஓராண்டுக்குள் அந்நிய நாட்டில் அந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளும் அளவுக்கு உயர்ந்தார்கள். அது ஆசானின் வெற்றி அன்றோ?

திருவொற்றியூரிலிருந்து ஒரு கதை

அமெரிக்கா வரை போவானேன்? நம் திருவொற்றியூருக்கே வருவோம். 1946ஆம் ஆண்டு கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அந்தக் கொட்டகைதான் வளர்ந்து மதராஸ் ரப்பர் ஃபேக்டரி ஆயிற்று. 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தைச் சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் கண்ட நாம், அதன் பிறப்பிடம் நம் பகுதி என்பதை நினைப்பதில்லை.

அந்த நிறுவனம் 1987இல் வேறொன்றையும் தொடங்கியது. அந்நாளில் நம் நாட்டில் சுழற்பந்து வீச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. வேகப்பந்து வீச்சாளர் என்றால் கபில்தேவைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. நம் வெயிலுக்கும் வறண்ட ஆடுகளங்களுக்கும் வேகப்பந்து ஒத்துவராது என்றே பலரும் நம்பினார்கள். மாம்மன் மாப்பிள்ளையின் மகன் ரவி மாம்மன் அதை ஏற்கவில்லை. அவர் முயற்சியால் சேத்துப்பட்டில், மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில், வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் உருவாயிற்று. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதன் இயக்குநர் ஆனார். ஆனால் லில்லி ஆண்டில் சில வாரங்களே வந்து போவார். மற்ற நாட்களில் இளைஞர்களோடு வெயிலில் நின்றவர் நம் தமிழ்நாட்டுக்காரர், டி.ஏ. சேகர்.

சேகர் அவர்களின் ஆட்டக் கணக்கைப் பாருங்கள். வேகமாக வீசக்கூடியவர் என்று பெயர் பெற்றவர். 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார். அவ்விரண்டிலும் ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அதன்பின் டெஸ்ட் ஆட வாய்ப்பும் வரவில்லை. ஒருநாள் ஆட்டங்கள் நான்கு ஆடியதோடு அவர் இந்தியாவுக்காக ஆடியது முடிந்தது. டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற இடத்தில் அவர் பெயருக்கு நேரே இருப்பது பூஜ்யம்.

என் பின்வரிசைப் பார்வையாளர் இதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்? "இவருக்கே ஒரு விக்கெட் விழவில்லை, பிறருக்கு என்ன கற்றுக்கொடுப்பார்?" என்றிருப்பார். நடந்ததோ வேறு. மகாராட்டிரத்தின் ஸ்ரீராம்பூர் என்ற சிறிய ஊரிலிருந்து மும்பைக்கு வந்த இடக்கை இளைஞர் ஒருவரின் திறமையைக் கண்டு, சென்னைக்கு அழைத்து வந்தவர் சேகர். அந்த இளைஞர் ஜாகிர் கான். 2000ஆம் ஆண்டில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கி, 92 டெஸ்ட் ஆட்டங்களில் 311 விக்கெட்டுகள் எடுத்தார். 2011இல் நாம் உலகக் கோப்பையை வென்றபோது அத்தொடரில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 21. அதைவிட அதிகம் எடுத்தவர் யாரும் இல்லை.

ஆசானின் கணக்கில் பூஜ்யம். மாணவரின் கணக்கில் 311. பூஜ்யத்தை எண்ணுக்கு இடப்பக்கம் போட்டால் ஒன்றுமில்லை, வலப்பக்கம் போட்டால் எண் பத்து மடங்கு பெருகும் என்று எங்கள் கணக்கு ஆசிரியை கீழ்வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தான் முன்னே நில்லாமல், பிறர் பக்கத்தில் போய் நின்றதால் அந்தப் பூஜ்யம் மதிப்புப் பெற்றுவிட்டது.

ஜாகிர் கான் ஒருவர் மட்டுமல்லர். ஜவகல் ஸ்ரீநாத், இர்ஃபான் பதான் ஆகியோரும் அங்குப் பயின்றவர்கள். குஜராத்தின் இக்கர் என்ற கிராமத்தில் ஓடு தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்த முனாஃப் பட்டேலும் அந்த மைதானத்திற்கு வந்து சேர்ந்தார். 2011இல் உலகக் கோப்பை வென்ற குழுவில் அவரும் இருந்தார். ஆலைகள் சூழ்ந்த பகுதியில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. தொழிற்சாலைக்குள் எத்தனையோ வேகப்பந்து வீச்சாளர்கள் இருக்கலாம். அவர்களைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும்.

உடைந்த முதுகு கற்றுத்தந்த பாடம்

டென்னிஸ் லில்லி உலகப் புகழ் பெற்றவராயிற்றே, அவர் கற்றுக்கொடுத்தது அவருடைய புகழால் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் 70 டெஸ்ட் ஆட்டங்களில் 355 விக்கெட்டுகள் எடுத்தவர். 1984இல் அவர் ஓய்வு பெற்றபோது உலகில் அவரைவிட அதிகம் எடுத்தவர் இல்லை. ஆனால் அவர் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த மிக முக்கியமான பாடம் அந்த 355இல் இல்லை. அவருடைய முதுகெலும்பில் இருந்தது.

1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்போது லில்லியின் கீழ் முதுகெலும்பில் வெடிப்புகள் ஏற்பட்டன. பல வாரங்கள் மாவுக்கட்டோடு இருந்தார். இனி அவர் வேகமாக வீச முடியாது என்றே பலரும் எண்ணினார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக் என்ற அறிஞர் அவருக்கென்று உடற்பயிற்சிகளை வகுத்துக் கொடுத்தார். லில்லி தாம் பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டார். 1974ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார்.

வேகப்பந்து வீச்சாளரின் முதுகு ஏன் உடைகிறது? ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உடலின் எடையைப் போல் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்நேரத்தில் இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கி இருந்தால் பாரம் உடல் முழுவதும் பரவிவிடும். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் இருந்தால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முதுகு முறுக்கிக்கொள்கிறது. ஒருமுறை பிழிந்தால் ஒன்றும் ஆகாது. நாளுக்கு நூறு முறை, ஆண்டுக்கணக்கில் பிழிந்தால் எலும்பு தாங்குமா? வலிக்கும்வரை இது வீசுபவருக்குத் தெரியாது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது அன்றோ? அருகில் நின்று பார்க்க இன்னொருவர் வேண்டும். சென்னைப் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் வீசுவதைப் படமெடுத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டித் திருத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு அண்ணன் ஒருவரின் நினைவு வந்தது. இராயபுரத்துத் தெருக்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பத்தொன்பது வயதில் வீசிய வேகத்தைப் பற்றி இன்றும் எங்கள் தெருவில் பேசுவார்கள். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் அவரைத் தங்கள் அணியில் ஆட அழைத்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஆட்டம்கூட ஆடுவாராம். யாரும் அவரைத் திருத்தவில்லை. யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. இருபத்திரண்டாம் வயதில் ஒருநாள் பந்தை வீசியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது கன்டெய்னர்கள் வந்துபோகும் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சட்டைக்கு உள்ளே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் திரும்பும் வேளையில், அவர் தெருப்பிள்ளைகளுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருப்பார். எங்கிருந்து ஓடிவர வேண்டும் என்பதற்கு ஒரு செங்கல் வைத்திருப்பார். கையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு பையனும் எத்தனை பந்து வீசினான் என்று அதில் குறித்துக்கொண்டே வருவார். எண்ணிக்கை முடிந்ததும் பந்தைப் பிடுங்கிக்கொள்வார். "இன்னும் ஒரே ஒரு ஓவர் அண்ணே" என்று பையன்கள் கெஞ்சினாலும் தர மாட்டார். ஒருநாள் நான் அவரிடம் காரணம் கேட்டேன். "எனக்கு அன்னிக்கு எவனாவது பந்தைப் பிடுங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

லில்லியின் முதுகும் உடைந்தது. எங்கள் தெரு அண்ணனின் முதுகும் உடைந்தது. முன்னவருக்கு ஒரு ஃபிராங்க் பைக் இருந்தார், பின்னவருக்கு இல்லை. திறமையில் இருவரும் சமம் என்று நான் சொல்லவில்லை. திறமை எவ்வளவு இருந்தது என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பே எங்கள் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே நல்ல பயிற்சியாளர் யார் என்பதற்கு என் விடை இது. அவர் வென்றவரா தோற்றவரா என்பது முக்கியமன்று. தமக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்று உட்கார்ந்து யோசித்தவரா என்பதே முக்கியம். யோசித்த பிறகு, அந்த வலி அடுத்த பிள்ளைக்கு வரக்கூடாது என்று எண்ணியவரா என்பது அதைவிட முக்கியம்.

உண்மையைச் சொல்லும் துணிவும் ஆசானுக்கு வேண்டும். அந்தப் பயிற்சி நிலையம் தொடங்கிய 1987இல் மும்பையிலிருந்து ஒரு சிறுவன் வேகப்பந்து வீச்சாளராக ஆசைப்பட்டு வந்தான். லில்லி அவனைப் பார்த்துவிட்டு, பந்துவீச்சை விட்டு மட்டையில் கவனம் செலுத்தும்படி சொல்லி அனுப்பினார். அந்தச் சிறுவன்தான் சச்சின் டெண்டுல்கர்! 'முடியாது' என்று ஆசான் சொன்ன ஒரு சொல்லால் உலகத்திற்கு எவ்வளவு நன்மை விளைந்தது பாருங்கள். அதே நிலையத்தில் இளைஞராகப் பயின்ற ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத், 563 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்து ஓய்வு பெற்ற பின், 2012இல் லில்லியின் இடத்தில் இயக்குநராக வந்து அமர்ந்தார். கற்ற இடத்திற்கே கற்பிக்கத் திரும்பி வருவது எவ்வளவு அழகானது!

நமக்கு யார்?

இதுவரை நான் சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களாகிய நமக்கு யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். 1997இல் கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடும் பந்தை எடுத்துக் கொடுக்க நின்ற சிறுமிகளுள் சக்தா என்ற சிற்றூரின் ஜூலன் கோஸ்வாமியும் ஒருவர். அப்போது அவருக்கு நம் வயதுதான், பதினைந்து! அந்தப் பெண் வளர்ந்து, ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள் எடுத்தார். பெண்களில் வேறு எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. 2022இல் ஓய்வு பெற்றவர், அடுத்த ஆண்டே மும்பைப் பெண்கள் குழுவின் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். அக்குழு பெண்கள் பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது. ஜூலன் ஆடிய நாளில் இந்தியா உலகக் கோப்பையை வெல்லவே இல்லை. 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் ஜூலனின் கையில் கொடுத்தார்கள். அவர் கண்ணீர் விட்டார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தக் குழுவின் பயிற்சியாளர் அமோல் மஜும்தார். முதல்தர ஆட்டங்களில் பதினோராயிரம் ஓட்டங்களுக்கு மேல் குவித்தும் இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடும் வாய்ப்புப் பெறாதவர். 1988இல் பள்ளிச் சிறுவர்களான டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ஓட்டங்கள் சேர்த்தார்களே, அந்த ஆட்டத்தில் அடுத்து இறங்குவதற்காகக் காலில் கவசம் கட்டிக்கொண்டு காத்திருந்த சிறுவன் அவர்தான். முறை வரவே இல்லை. காத்திருக்கத் தெரிந்தவர்தாம் பிறரின் நேரம் வரும்வரை அவர்களைத் தாங்கி நிற்க முடியும் போலும்.

நம் வடசென்னையிலும் எடுத்துக்காட்டு உண்டு. புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தையார். ஆட்டோ ஓட்டிக்கொண்டே தம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சி அளிப்பவர் அவர். அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே ஆசான் கிடைத்தார். எல்லாப் பெண்களுக்கும் அப்படிக் கிடைப்பாரா? கிடைக்காதவர்களுக்குப் பள்ளிதானே வீடு?

என் வேண்டுகோள்கள்

ஆகவே பெரியவர்களிடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, விளையாட்டுப் பாடவேளை பற்றியது. பத்தாம் வகுப்பு வந்ததும் அது கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. இது எந்த ஒரு பள்ளியின் குற்றமும் அன்று. நாடெங்கும் உள்ள வழக்கம். அரசுத் தேர்வின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் ஜூலன் பந்து பொறுக்கிய வயதில் எங்கள் பந்தை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டால், மீண்டும் அதை யார் திறப்பார்கள்? பதினொன்றாம் வகுப்பில் திறக்கலாம் என்பார்கள். பிறகு கல்லூரியில் என்பார்கள். பிறகு திருமணம் வந்துவிடும். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள்.

இரண்டாவது, நம் பழைய மாணவியர் பற்றியது. விளையாட்டில் சிறந்த அக்காமார்கள் எத்தனையோ பேர் இப்பள்ளியிலிருந்து சென்றிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வர வேண்டும். கோப்பை வாங்கியவர்கள் மட்டுமல்லர். கடைசி ஆட்டத்தில் தோற்று அழுதவர்களும் வர வேண்டும். ஏன் தோற்றோம் என்பதை அவர்களைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. 'என் எதிர்கால இலட்சியம்' என்று தமிழ் ஆசிரியை கட்டுரை எழுதச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மருத்துவர் என்றும் மீதிப்பேர் பொறியாளர் என்றும் எழுதினோம். நானும் மருத்துவர் என்றே எழுதினேன். அது பொய். நான் விளையாட்டுப் பயிற்சியாளராக விரும்புகிறேன். இதை வீட்டில் சொன்னபோது, "விசில் ஊதுறதுக்கா இவ்வளவு படிக்க வைக்கிறோம்?" என்று அம்மா கேட்டார்கள். அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் விளையாட்டைக் கற்பிப்பதும் ஒரு கல்விதான். ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920ஆம் ஆண்டிலேயே நம் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் அது இன்றும் இருக்கிறது. எலும்பும் தசையும் எப்படி இயங்குகின்றன, காயம் எப்படி வருகிறது, பயந்த பிள்ளையை எப்படித் தேற்றுவது என்பதையெல்லாம் முறையாகக் கற்ற பிறகுதான் ஒருவர் கழுத்தில் விசிலை மாட்டுகிறார். பெண்பிள்ளைகளின் உடலை அறிந்து, அவர்கள் கூச்சமில்லாமல் தங்கள் வலியைச் சொல்லக்கூடிய பெண் பயிற்சியாளர்கள் நமக்கு நிறைய வேண்டும். அவர்கள் வானத்திலிருந்து வர மாட்டார்கள். நம்மிலிருந்துதான் வர வேண்டும்.

நம் ஆலயத்தில் திருவருகைக் காலம் வரும்போதெல்லாம் ஸ்நாபக அருளப்பரைப் பற்றிக் கேட்கிறோம். அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியபோது, 'நான் அவர் அல்லேன்' என்று சொல்லி, பின்னால் வருபவரைக் கைநீட்டிக் காட்டினார். தமக்குப் பின் வருபவர் வளர்வதில் மகிழ்ந்தார். பயிற்சியாளர் என்பவரும் அப்படிக் கைநீட்டிக் காட்டுபவரே என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தின் ஓரத்தில் நிற்பதில் அவருக்குக் குறையில்லை. ஆனால் அவரை மறந்துவிடுவது நமக்குக் குறைதான்.

சென்ற ஆண்டுப் போட்டியில் தோற்ற எங்கள் குழுவும் ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டது. தோற்றவர்களின் படத்தை மண்டபத்தில் மாட்ட மாட்டார்கள். அது எங்கள் வகுப்பறை அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் எங்கள் ஆசிரியை வழக்கம்போல் ஓரத்தில்தான் நிற்கிறார். படத்தின் கீழே நாங்கள் எங்கள் பெயர்களை எழுதினோம். முதலில் அவருடைய பெயரை எழுதினோம்.